கல்குடாக் கப்பலுக்கு 18 மீற்றர் சான்றிதழோடு இறங்கலாமா?

வத்தளை ரீச்சர்:

மட்டக்களப்புக் கடல் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. வயது 41. சென்ற மாசியில் உனவட்டுனவில் பயிற்சி எடுத்து முதல்நிலைச் சுழியோடிச் சான்றிதழ் பெற்றேன். அது 18 மீற்றர் வரை இறங்க அனுமதிப்பது. இதுவரை ஒன்பது முறை இறங்கியிருக்கிறேன். ஆகக் கூடிய ஆழம் 16 மீற்றர்.

நான் சேர்ந்திருக்கும் கழகம் அடுத்த மாதம் கல்குடாவுக்குப் போகிறது. வெள்ளி இரவு வேனில் புறப்படுகிறோம், 14 பேர். சனி காலை கடலடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பல், பின்னேரம் அருகில் உள்ள ஒரு கடலடிப் பாறைத்திட்டு. ஞாயிறு காலை காயாங்கேணியில் முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கிறோம். திங்கள் போயா விடுமுறை என்பதால் ஞாயிறு மதியமே செங்கலடியால் பதுளைப் பாதை பிடித்து நுவரெலியாவுக்கு ஏறி, அங்கே ஓர் இரவு தங்கித் திரும்புவதாகத் திட்டம்.

அறிவித்தலில் "ஹேர்மிஸ் போர்க்கப்பல்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என் சான்றிதழைப் பற்றி ஒழுங்கமைப்பாளரிடம் கேட்டேன். மேல்பகுதி அவ்வளவு ஆழம் இல்லை, வழிகாட்டி பக்கத்திலேயே இருப்பார், எல்லோரும் வரலாம் என்றார். அந்த "எல்லோரும்" என்ற சொல் எனக்குள் இறங்கவில்லை. வகுப்பில் நான் அப்படிச் சொன்னால் யாரையோ கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

ஆனாலும் போக வேண்டும் என்றுதான் மனம் கிடந்து தவிக்கிறது. என் அம்மம்மா கல்குடாவில் பிறந்தவர். 1942 சித்திரையில் அவருக்குப் பத்து வயது. முகில் இல்லாத வானத்தின் கீழ் கடலுக்குள் இடி இடித்தது என்பார். கருவாடு காயப்போட்ட பாயை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்களாம். அன்று பின்னேரம் வெள்ளைக்காரர் சிலர் சிறு படகில் கரைக்கு வந்தார்கள், ஊரார் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், வந்தவர்களில் பலருக்குக் காலில் சப்பாத்து இல்லை. கதையை எப்போது கேட்டாலும் அந்தச் சப்பாத்து இல்லாத கால்களில் வந்துதான் நிற்பார். துரைமார் வெறுங்காலோடு மணல் சுட்டு நடந்ததை அதற்கு முன்னும் பின்னும் அவர் கண்டதே இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார்.

அந்த இடி விழுந்த கப்பலை ஒருமுறை பார்க்க வேண்டும். இறந்தவர்களுக்கு ஒரு மாலை கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டும்.

18 மீற்றர் சான்றிதழோடு நான் இறங்குவது சரியா? மாலையைக் கீழே கொண்டுபோக அனுமதிப்பார்களா?

—

உவர்நீர்:

போய் வாருங்கள் ரீச்சர். நானும் உங்களைப் போல முதல்நிலைச் சான்றிதழோடுதான் முதன்முதலில் கப்பல் பார்த்தேன், கொழும்புக்கு வெளியே. வழிகாட்டியின் துடுப்புக்குப் பின்னால் துடுப்பாக நீந்தினேன், ஒன்றும் ஆகவில்லை. தெளிந்த நீரில் 20 மீற்றருக்கும் 18க்கும் உடம்பு வேறுபாடு அறியாது. காது சரியாகத் திறக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். கிழக்கில் கடல் தூங்குவது இந்த நான்கைந்து மாதங்கள்தான். ஐப்பசி வந்துவிட்டால் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும்.

—

வாழைச்சேனையான்:

ரீச்சர், நான் இந்தக் கரையில் பிறந்தவன். முதலில் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடினேன். இப்போது பதினெட்டு வருடங்களாக ஆட்களைக் கூட்டிப் போகிறேன். நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதாது, உங்கள் பயணத் திட்டத்தில் நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதை முதலில் சொல்கிறேன்.

ஞாயிறு காலை கடலுக்குள் இறங்கிவிட்டு அன்றே நுவரெலியாவுக்கு ஏறக் கூடாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினால் உடம்பில் நைதரசன் கரைந்து கிடக்கும். கரையில் இருக்கும்போது அது மூச்சோடு மெல்ல மெல்ல வெளியேறிவிடும். அது முடியுமுன் மலையேறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தால் என்ன நடக்கும் என்று உங்கள் மாணவருக்கு நீங்களே காட்டியிருப்பீர்கள். அதுதான் மூட்டிலும் முதுகுத்தண்டிலும் நடக்கும். பல முறை இறங்கியவர் விமானம் ஏற ஆகக் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மலைப் பாதையும் அதே கணக்குத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், வேனில் போவதால்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. கடலட்டைக்குப் போன காலத்தில் என் மச்சான் ஒரே நாளில் ஐந்தாறு சிலிண்டர் முடிப்பான். கணக்கு என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. ஒரு நாள் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தவன் எழும்பவில்லை. களைப்பு என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைலம் தேய்த்தார்கள். மீண்டும் அழுத்தத்தில் வைத்து நைதரசனை மெல்ல வெளியேற்றும் அழுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்ல அன்று எங்களில் ஒருவரும் இருக்கவில்லை. இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறான். அவனுக்கு இப்போது 46 வயது. கடலட்டைக்கும் சங்குக்கும் போன ஊர்கள் பலவற்றில் இப்படி ஒருவரைப் பார்க்கலாம்.

ஆகவே வேன்காரரிடம் சொல்லுங்கள்: திரும்பும் பாதை பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். முழுக்கத் தாழ்ந்த நிலம். மகியங்கனையால் போகலாம் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். பதினெட்டு வளைவும் ஏறித்தான் கண்டிக்குப் போக வேண்டும். நுவரெலியாதான் வேண்டும் என்றால் ஞாயிறு கல்குடாவில் தங்கித் திங்கள் மதியத்துக்கு மேல் ஏறுங்கள்.

இனிக் கப்பல். அறிவித்தலில் போட்டிருப்பது பிழை. உங்களைக் கொண்டுபோகப் போவது ஹேர்மிஸுக்கு அல்ல. ஹேர்மிஸ் தெற்கே மட்டக்களப்புக்கு நேரே 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்காகச் சுழியோடுபவர்களின் எல்லை 40 மீற்றர். அங்கே போகிறவர்கள் தனிப் பயிற்சி பெற்று, கலவை வாயுவோடு போய், மேலே வரும் வழியில் கயிற்றைப் பிடித்தபடி நீண்ட நேரம் காத்துக் கிடப்பவர்கள். கல்குடாவில் கழகங்கள் போவது பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலுக்கு. அடி மணல் ஏறத்தாழ 24 மீற்றர். இரண்டாக முறிந்து தலைகீழாகக் கிடக்கிறது. அது தெரியாமல் போகிறவர்கள் தளத்தையும் பாய்மரத்தையும் தேடுவார்கள். நீங்கள் காணப்போவது கவிழ்த்து வைத்த வள்ளத்தின் முதுகு போன்ற ஒன்று.

இரண்டும் ஒரே நாளில் போனவை. 1942 உயிர்த்த ஞாயிறன்று, ஏப்ரல் 5, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அடுத்த வியாழன், 9ஆம் திகதி, திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வருகிறது என்று தெரிந்து ஹேர்மிஸ் முதல் நாள் இரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே ஓடியது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. திரும்பி வரும் வழியில் கண்டுபிடித்து அடித்தார்கள். 307 பேர் இறந்தார்கள். வீற்றா என்ற மருத்துவக் கப்பல் அந்தப் பக்கம் வந்ததால் ஏறத்தாழ 600 பேர் பிழைத்தார்கள். அன்று வந்த ஜப்பானிய விமானங்கள்தான் எண்ணெய்க் கப்பலையும் அடித்தன. ஆனால் அதன் மாலுமிகள் உயிர்காப்புப் படகுகளில் இறங்கித் தப்பினார்கள்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சிறு படகில் வந்தவர்கள், சப்பாத்து இல்லாத கால்கள். ஹேர்மிஸ் ஆட்களைப் பெரும்பாலும் வீற்றா ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கல்குடா மணலில் உங்கள் அம்மம்மா கண்டது இந்த எண்ணெய்க் கப்பலின் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆகவே நீங்கள் போகும் இடம் சரி, அறிவித்தலில் பெயர்தான் பிழை.

இறங்கலாமா என்று கேட்டீர்கள். உவர்நீர் தம்பி சொல்வதை நான் ஏற்க மாட்டேன். உடம்பு வேறுபாடு அறியாமல் இருக்கலாம், சிலிண்டர் அறியும். 24 மீற்றரில் அழுத்தம் மேலே உள்ளதைப் போல 3.4 மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் அங்கே 68 லீற்றர் இழுப்பார். 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று ஏற்றினால், அதில் 100 பார் முடிய 16 நிமிடம். அதுவும் அமைதியாக மூச்சு விட்டால். புதிதாக வந்தவர், நீரோட்டம் இழுக்கும் நாளில், கப்பலைக் கண்ட பரபரப்பில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். இந்த நேரத்தைத்தான் வழிகாட்டியால் உங்களுக்குத் தர முடியாது. அவருடைய சிலிண்டர் அவர் முதுகில், உங்களுடையது உங்கள் முதுகில்.

நீங்கள் செய்யக் கூடியது இது. புறப்படுமுன் ஒழுங்கமைப்பாளரிடம், எல்லோர் முன்னிலையிலும், "நான் 18 மீற்றருக்குக் கீழே போக மாட்டேன், எனக்கென்று ஒரு துணை வேண்டும், அவரும் என்னோடு 18இல் நிற்பார்" என்று சொல்லுங்கள். கப்பலின் முதுகு மணலைவிட நன்றாக உயர்ந்து நிற்கிறது. நீர் தெளிந்திருந்தால் 18இல் நின்றே அதைப் பார்க்கலாம். நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்குங்கள், அதே கயிற்றால் ஏறுங்கள். 100 பாரில் திரும்ப வேண்டும், 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், வள்ளத்தில் ஏறும்போது 50 பார் மிஞ்ச வேண்டும். உள்ளே ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள். துருப்பிடித்த தகடு சவர அலகைப் போல வெட்டும், அதன் மேல் சிங்கமீன் தொங்கும். நீரோட்டம் கயிற்றைச் சாய்த்து இழுத்தால் இறங்கவே வேண்டாம். ஒழுங்கமைப்பாளர் இதற்கு முகம் சுளித்தால் அந்தக் கழகத்தோடு கப்பலுக்குப் போகாதீர்கள், காயாங்கேணிக்கு மட்டும் போங்கள். அங்கே 9 மீற்றரில் அதே காற்று உங்களுக்கு அரை மணித்தியாலம் வரும், மீனும் கூட.

மாலையைக் கீழே கொண்டுபோக வேண்டாம். கை இரண்டும் உங்களுக்கு வேண்டும். நூலும் வாழைநாரும் கீழே எதிலாவது சிக்கும். பூவை உதிர்த்து வள்ளத்தில் இருந்தே விடுங்கள். எங்கள் ஐயா அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரு வெற்றிலையைக் கடலில் போடுவார். கப்பலடி என்பார் அந்த இடத்தை.

—

வத்தளை ரீச்சர்:

அண்ணா, உங்கள் பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். சோடாப் போத்தலை ஒன்பதாம் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் திறந்து காட்டுகிறேன். அதையும் நுவரெலியாவையும் சேர்த்து நினைக்க எனக்குத் தோன்றவில்லை, அது என்னை மிகவும் கலங்க வைத்தது. வேனில் வரும் 14 பேரில் மூன்று பேர் 20 வயதுப் பிள்ளைகள்.

ஒழுங்கமைப்பாளரோடு பேசினேன். பாதையை மாற்ற உடனே ஒத்துக்கொண்டார், நுவரெலியா விடுதி முன்பணம் போனாலும் பரவாயில்லை என்றார். 18 மீற்றர் விடயத்தில் கொஞ்சம் இழுத்தார். ஒருவருக்காகத் தனித் துணை போட ஆள் இல்லை என்றார். அப்படியென்றால் நான் வள்ளத்திலேயே இருக்கிறேன் என்றேன். மறுநாள், முதல்நிலைச் சான்றிதழ் உள்ளவர்கள் இன்னும் நான்கு பேர் என்று கணக்கெடுத்து, எங்கள் ஐவருக்கும் தனியாக ஒரு வழிகாட்டியை ஒழுங்கு செய்வதாக அழைத்துச் சொன்னார்.

உங்கள் மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

—

கோணேசர் ஊரவன்:

வாழைச்சேனையான் அண்ணன் எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடற்படையின் அழுத்த அறை இருப்பது எங்கள் திருகோணமலையில். கல்குடாவில் இருந்து வாகரை, வெருகல், மூதூர் தாண்டி வரும் பாதை இப்போது நன்றாக இருக்கிறது. யாருக்காவது ஏறிய பிறகு கை கால் விறைத்தால், தோலில் புள்ளி விழுந்தால், தாங்க முடியாத களைப்பு வந்தால் கொழும்புப் பக்கம் வேனைத் திருப்பாதீர்கள். 1990 அம்புலன்ஸை அழையுங்கள், ஒட்சிசன் கொடுங்கள், படுக்க வையுங்கள். வள்ளத்தில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா என்று புறப்படுமுன் கண்ணால் பாருங்கள். இருக்கிறது என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், திறந்து காட்டச் சொல்லுங்கள்.

காயாங்கேணியைத் திட்டத்தில் வைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 2019இல்தான் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். முருகைக்கல்லில் கால் ஊன்றாதீர்கள், உங்கள் பிள்ளைகளையும் ஊன்ற விடாதீர்கள். எங்கள் புறாமலைத் தீவில் நடப்பதைப் பார்த்துத்தான் சொல்கிறேன். 1998இல் கடல் சூடேறி இக்கடுவைப் பக்கம் முருகைக்கல் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரிதும் தப்பியது. 2003இல் புறாமலை தேசியப் பூங்காவாகவும் ஆனது. சூட்டுக்குத் தப்பிய கல்லை இப்போது இடுப்பளவு நீரில் நின்று படம் எடுப்பவர்கள் மிதித்து உடைக்கிறார்கள். செட்டை நுனி கறுத்த சுறாக் குட்டிகள் ஓடும் இடம் அது. முருகைக்கல் உடைந்தால் அவை ஒதுங்க இடமில்லை.

அடுத்த முறை இங்கே வாருங்கள் ரீச்சர். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே கடலில் இறங்கினால் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்கள் பாறைகளுக்கிடையில் கிடக்கின்றன. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் அங்கே சுழியோடித்தான் அவற்றை வெளியுலகுக்குக் காட்டினார்கள். மேலே மணி அடிக்கும் நேரம் பார்த்து நான் கீழே இறங்குவேன்.

—

வத்தளை ரீச்சர்:

போய் வந்துவிட்டேன். கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா.

சனி காலை கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை, கடல் எண்ணெய் ஊற்றியது போல இருந்தது. கயிற்றைப் பிடித்து இறங்கினேன். பத்து மீற்றர் வரை நீலம் மட்டும்தான். பிறகு கீழே நீலம் தடித்தது. முதலில் பாறை என்றுதான் நினைத்தேன். அது ஒரே வளைவாக நீண்டு கொண்டே போனபோதுதான் கப்பல் என்று புரிந்தது. பாரை மீன் கூட்டம் ஒன்று அதைச் சுற்றி வந்தது. சிவப்பு என்று ஒரு நிறமே அங்கே இல்லை. வழிகாட்டி விளக்கை அடித்த இடத்தில் மட்டும் துருவும் கடற்பஞ்சும் திடீரென்று சிவந்தன. விளக்கு நகர்ந்ததும் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது. தகடு முறிந்த இடத்தில் ஒரு பெரிய களவாய் மீன் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் கீழே போனால் அதன் கண்ணைப் பார்க்கலாம். நான் போகவில்லை. 11ஆவது நிமிடத்தில் 100 பார். அண்ணா சொன்ன 16 நிமிடம் எனக்கு வரவில்லை, அதுவும் 18க்கு மேலே நின்று. எங்கள் ஐவரில் இருவருக்கு அதற்கும் முந்தி முடிந்தது, ஐவரும் சேர்ந்தே ஏறினோம். கீழ் அணியில் போன ஒருவர் 30 பாரோடு வந்தார். வள்ளத்தில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரவு சாப்பிடும்போது ஒழுங்கமைப்பாளரே பேச்சை எடுத்தார்.

ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து காட்டச் சொன்னேன். திறக்கும் சாவி கரையில் இருந்தது. அரை மணித்தியாலம் தாமதித்து எடுத்து வந்தார்கள்.

பூ வாங்கியது வாழைச்சேனைச் சந்தியில். மல்லிகை, அரளி, கொஞ்சம் செவ்வந்தி. எல்லோரும் ஏறிய பிறகு உதிர்த்துவிட்டேன். வள்ளம் ஓட்டிய பெரியவர் தன் மடியில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்து அவரும் போட்டார். நான் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறு காயாங்கேணியில் 50 நிமிடம். அதைத் தனியாக எழுதுகிறேன், அவ்வளவு இருக்கிறது. ஆவணியில் 30 மீற்றர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

வாழைச்சேனையான் அண்ணா, இன்னும் ஒன்று கேட்க வேண்டும். சனி பின்னேரம் மணலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன், நான்கு மணிக்கும் கால் வைக்க முடியாத சூடு. அவர்கள் அன்று எந்த இடத்தில் கரையேறியிருப்பார்கள்? கல்குடா முனையிலா, இன்னும் வடக்கிலா? உங்கள் ஐயாவின் வயதுக்காரர் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்வீர்களா?